இடது பக்கக் கண்ணாடி

ஜூன் 3, திங்கள்

டிரைவிங் ஸ்கூல் நோட்டுகளில் இருபத்தெட்டு வருடமாகக் கிலோமீட்டரும், வகுப்பு நேரமும், கற்றுக்கொள்பவர் பெயரும்தான் எழுதி வருகிறேன். இன்று கூடுதலாக எழுதுகிறேன். நாளை யாராவது விசாரித்தால் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும்.

காலை ஆறரை வகுப்பு, பியூலா. வயது முப்பத்தாறு, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். கணவர் இறந்துவிட்டார். ஜெமி என்று பதினொரு வயதுப் பெண் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே கால்களில் வலு இல்லை. வாரம் மூன்று நாள் சிகிச்சைக்கு அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியவில்லை என்று, தம்பி விட்டுப்போன பழைய காரை ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள். கை நன்றாக வருகிறது. இன்று பதினான்காவது நாள்.

மகாராஜநகர் உழவர் சந்தை தாண்டி இடது திருப்பம். அவள் ஓட்டுகிறாள், நான் வழக்கம்போல் இடது சீட்டில். திரும்பும்போது சைக்கிளில் வந்தவர்மீது வண்டி உரசிவிட்டது. சத்தம் கேட்டதும் என் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதித்தேன். அவர் விழுந்துவிட்டார். கேரியரில் கட்டியிருந்த இட்லி மாவுப் பாக்கெட்டுகள் உடைந்து ரோடெல்லாம் மாவு. வண்டியின் இடது சைடு மிரர் நொறுங்கி, கூடு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

மாவுக்காரர் பெயர் செய்யது மசூது. மேலப்பாளையம். ஐம்பது வயதிருக்கும். வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

பியூலா இடது பக்கம் சரியாகப் பார்க்கவில்லை. அதுதான் காரணம். எத்தனை தடவை சொன்னாலும் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இடது பக்கம் மறந்துவிடும்.

அவள் அழுதுகொண்டே, "நீங்க காலியா இருக்கு, திரும்புன்னு சொன்னீங்களே சார்" என்றாள். நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. "ஓட்டுறவங்கதாம்மா பாக்கணும்" என்றேன். இதையே மூன்று தடவை கேட்டாள்.

கிலோமீட்டர் குறித்துக்கொள்ள மறந்துவிட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

மசூதுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. போலீசுக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டார். நல்ல மனுசன்.

ஜூன் 5, புதன்

இன்றும் வகுப்பு இல்லை. எல்லோருக்கும் போன் செய்து மிரர் மாற்றிய பிறகு வரச் சொன்னேன்.

ஆவுடை காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கண்ணாடிக்காகவா கிளாஸ நிறுத்துனீங்க? பிப்ரவரில உடைஞ்சப்ப ரெண்டு நாளு அப்படியே ஓட்டுனீங்களே" என்றாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் இவள் எதையும் மறந்ததாகத் தெரியவில்லை. "அப்ப வேற, இப்ப வேற" என்றேன்.

மெக்கானிக் ஞானதுரையிடம் போகலாம்தான். கால் மணி நேர வேலை. ஆனால் பிப்ரவரியில் மாற்றும்போதே அவன், "அண்ணாச்சி, வருசத்துக்குள்ள ரெண்டாவது மிரர். எப்பப் பாத்தாலும் இடது பக்கமே அடி வாங்குதே, என்ன சமாச்சாரம்?" என்று கேட்டான். எல்லார் முன்னாலும். எல் போர்டு வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும். இது மூன்றாவது. அவன் வாயைத் திறக்க விடுவானேன். மூன்று ஸ்க்ரூதான், வீட்டிலேயே நானே மாற்றிக்கொள்கிறேன்.

ஜங்ஷன் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது மிரர் வாங்கி வந்தேன்.

ஜூன் 6, வியாழன்

காலையில் வண்டியை வேப்பமரத்து நிழலில் விட்டு வேலையை ஆரம்பித்தேன். கதவின் உள்பக்கம், முன் மூலையில் முக்கோணமாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். மிரரைத் திருப்பும் குச்சியின் உறையை உருவிவிட்டு, மூடியை நெம்பி எடுக்க வேண்டும். உள்ளே மூன்று ஸ்க்ரூ. கழற்றும்போது ஸ்க்ரூ கதவுக்குள் விழுந்துவிட்டால் கதவையே பிரிக்க வேண்டிவரும்; அதனால் முதலிலேயே இடுக்கில் பழைய துணியைத் திணித்தேன். இதெல்லாம் எனக்குத் தெரிந்த வேலைதான்.

இரண்டு ஸ்க்ரூ கைக்கு வந்தது. மூன்றாவது கீழே விழுந்தது. முட்டி போட்டு இருபது நிமிடம் தேடினேன். ஆவுடை துணி காயப்போட வந்தவள் நின்று பார்த்துவிட்டு, "என்ன தேடுதீங்க?" என்றாள். சொன்னேன். அவள் குனிந்து என் இடது முட்டியின் பக்கத்திலிருந்து அதை எடுத்துக் கையில் வைத்தாள்.

"கண்ணு முன்னாலதான கெடக்கு."

மண் நிறமும் ஸ்க்ரூ நிறமும் ஒன்றாக இருந்தது.

பழைய மிரர் கழன்றது. புதியதை வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. வலது பக்க மிரர். பெட்டியைக் கடையில் நானேதான் பார்த்து எடுத்தேன். எழுத்து ரொம்பப் பொடி.

மாலை பியூலா போன் செய்தாள். இனி வகுப்புக்கு வரவில்லையாம். "எனக்கு இது சரிப்படாது சார். நான் பாக்காம ஒரு மனுசன் கை போயிட்டு. நாளைக்கு எம்பிள்ளைய பின்னால வச்சுட்டு எப்படி ஓட்டுவேன்?" என்றாள். காரை விற்கப் போகிறாளாம்.

"அவசரப்படாதம்மா, ஒரு மாசம் போகட்டும்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ஜூன் 7, வெள்ளி

மிரரைக் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சமையலறை மேடையில் டம்ளரை வைத்தேன், கீழே விழுந்து டீ கொட்டிவிட்டது. மேடைக்கு வெளியே வைத்தேனாம். ஆவுடை எதுவும் சொல்லாமல் துடைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 8, சனி

புது மிரர் மாட்டியாகிவிட்டது. வெளியே ஒரு கையால் மிரரைத் தாங்கிக்கொண்டு, உள்ளே இன்னொரு கையால் ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். ஒற்றை ஆளுக்குக் கஷ்டம். ஆவுடையை வெளியே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மூடியைத் தட்டி உட்கார வைத்தேன். அசைத்துப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. ஞானதுரை பார்த்தால் தானே மாட்டியதாக நினைப்பான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

மிரரைச் சரியான கோணத்துக்குத் திருப்ப வேண்டும். நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவளைப் பின்பக்கம் இடது புறமாக, வண்டியிலிருந்து மூன்றடி தள்ளி நிற்கச் சொன்னேன்.

"நின்னுட்டியா?" என்று கேட்டேன்.

"நிக்கேன்."

மிரரில் வண்டியின் பக்கவாட்டுத் தகடு தெரிந்தது. காம்பவுண்டு சுவர் தெரிந்தது. அவள் இல்லை. எட்டிக் குச்சியைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தேன்.

"வந்து நில்லு ஆவுடை, வெளயாடாத."

"இங்கனதான நிக்கேன்."

"கைய ஆட்டு."

"ஆட்டிக்கிட்டுத்தான இருக்கேன். கண்ணாடிக்குள்ள உங்க மூஞ்சி எனக்குத் தெரியுது. என்னையத் தெரியலையா?"

அவளுக்கு நான் தெரிந்தால் எனக்கு அவள் தெரிந்தாக வேண்டும். கண்ணாடி விஷயத்தில் ஏமாற்று கிடையாது. நான் முகத்தை நன்றாக இடது பக்கம் திருப்பிப் பார்த்தேன். அப்போது அவள் வந்தாள். நடந்து வந்து சேர்ந்தது போல இல்லை. இல்லாத இடத்தில் திடீரென்று ஆள் முளைத்த மாதிரி, சிவப்புச் சேலையோடு, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி நின்றாள். முகத்தைப் பழையபடி நேராக்கினேன். போய்விட்டாள். அவள் நின்ற இடத்தில் கறுப்பாக ஓட்டை ஒன்றும் இல்லை. சுவர்தான் இருந்தது. நல்ல, முழுச் சுவர்.

ஆவுடை கையை இறக்கிவிட்டு என் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

வெயிலில் கண் கூசிவிட்டது.

இல்லை. அப்போது மணி ஐந்தரை. வெயில் சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

ஆவுடை கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, சுவரில் தொங்கும் காலண்டர் முன்னால் நின்று ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலது கண்ணை மூடி, நடுக் கட்டத்தைப் பார்த்தேன். ஞாயிறு இல்லை, திங்கள் இல்லை, செவ்வாய் பாதி. இடது கண்ணை மூடினால் அவ்வளவு மோசமில்லை. ஆனால் மேல் பக்கம் அம்மன் படத்தில் கிரீடம் இல்லை.

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. போன வருடம் சமாதானபுரத்தில் கண் முகாம் போட்டிருந்தார்கள். சும்மா வாசிக்கிற கண்ணாடி வாங்கலாம் என்று போனேன். கண்ணில் பிரஷர் அதிகம், பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். என் அப்பா கடைசி எட்டு வருடம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

ஜூன் 10, திங்கள்

என் லைசென்ஸ் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். எப்போதும் போகிற டாக்டரிடம் போனேன். கூட்டம். அவர் தலையை நிமிர்த்தாமல், "கண்ணெல்லாம் நல்லாருக்குல்ல அண்ணாச்சி?" என்று கேட்டார். "நல்லாருக்கு" என்றேன். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

புது மிரர், புது சர்ட்டிபிகேட். நாளை காலை வகுப்பு ஆரம்பம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இனி தலையை நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டால் போயிற்று. பழக்கம்தானே எல்லாம்.

மாலையில் ஆவுடை எங்கேயோ போய்விட்டு வந்தாள். மேலப்பாளையம் போனாளாம், மசூதைப் பார்க்க. என்னிடம் சொல்லவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அவரு என்ன சொன்னாரு தெரியுமா?" என்றாள்.

"கை வலிக்குன்னு சொல்லியிருப்பாரு."

"அதச் சொல்லல. வண்டிக்குப் பக்கத்துலயே வந்துக்கிட்டிருந்தாராம். உங்க ஜன்னல் தொறந்திருந்துச்சாம். பெல் அடிச்சிருக்காரு. நீங்க திரும்பி அவர் மூஞ்சிய நேராப் பாத்தீங்களாம். 'அண்ணாச்சி என்னையப் பாத்துட்டாக, பாத்த மனுசனுக்கு எதுக்கு இன்னொரு பெல்லுன்னு விட்டுட்டேன்'ங்காரு. அதுக்குப் பெறகு நீங்க அந்தப் பொண்ணுக்குக் கையக் காட்டி, திரும்புன்னு சொன்னது அவர் காதுலயே விழுந்திருக்கு. ஏன் அப்படிச் செஞ்சாகன்னுதான் வெளங்கலங்காரு."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. பியூலா தெனம் ஆபீஸ் முடிஞ்சு அங்க போறாளாம். அவரு வீட்டம்மாகூட உக்காந்து மாவு பாக்கெட் கட்டிக் குடுத்துட்டுத்தான் போறாளாம். வேண்டாம்னாலும் கேக்கலையாம். நான் போனப்பவும் இருந்தா. ரப்பர் பேண்ட் போட்டுக்கிட்டே இருந்தா, தலைய நிமிந்து என்னையப் பாக்கல."

"ஏன்?"

"அவ தப்புன்னு நீங்க சொல்லியிருக்கீங்கல்ல."

அவள் எழுந்து உள்ளே போகும்போது, "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 11, செவ்வாய்

காலை ஆறரை வகுப்பு. ரம்யதேவி, கல்லூரி முதல் வருடம், மூன்றாவது நாள். பயமே இல்லாத பெண். வண்டியில் ஏறியதும், "புது மிரரா அங்கிள்? சூப்பரா இருக்கு" என்றாள்.

நேர் ரோட்டில் நன்றாகத்தான் போனாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இடது திருப்பம் வந்தது. வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, "அங்கிள், போலாமா?" என்று கேட்டாள்.

தலையை நன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ரோடு காலியாக இருந்தது. மறுபடியும் பார்த்தேன். காலிதான். ஆனால் அன்றும் எனக்குக் காலியாகத்தான் இருந்தது. பெல் சத்தம் கேட்டுத் திரும்பினேன். யாரும் இல்லை என்றுதான் கையைக் காட்டினேன். திரும்பு என்று சொன்னேன். சொன்னேன்தான்.

"அங்கிள்? போலாமா?" பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது.

இருபத்தெட்டு வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இன்று வாய் வரவில்லை. பிரேக்கை மிதித்து, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டேன். ரம்யதேவி பயந்துபோய், "நான் ஏதும் தப்பு பண்ணிட்டனா அங்கிள்?" என்றாள்.

"இல்லம்மா. நீ ஒரு தப்பும் பண்ணல" என்றேன். இதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். ஞானதுரைக்குப் போன் செய்தேன். வந்து வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் விட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். மிரரை ஒரு தடவை பார்த்தான், என்னை ஒரு தடவை பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. இறங்கும்போது என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனான்.

ஜூன் 12, புதன்

கண் ஆஸ்பத்திரி. ஆவுடையும் நானும் பஸ்ஸில் போனோம். டவுன் பஸ்ஸில் ஏறி எத்தனை வருடம் ஆயிற்று! எந்தப் படியில் கால் வைக்கிறோம் என்று தெரியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய கிண்ணம் மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும்; சுற்றி எங்காவது வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். காத்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் வெளிச்சமே வரவில்லை. இயந்திரம் கெட்டுவிட்டதோ என்று கேட்டேன். "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு அய்யா, புள்ளியப் பாருங்க" என்றாள் நர்ஸ்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். காகிதத்தைக் காட்டினார். கறுப்பாக இருப்பதெல்லாம் போன இடம். இடது கண்ணில் முக்கால்வாசி கறுப்பு. வலதில் மேல்பக்கம் பிறை மாதிரி.

"போனது திரும்ப வராது. இருக்கிறத சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். ஒரு நாள் விடாமப் போடணும். ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நெறைய மிச்சம் இருந்திருக்கும். அய்யா என்ன வேலை பாக்கீங்க?"

"சும்மாதான் இருக்கேன்" என்றேன்.

"டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்காக" என்றாள் ஆவுடை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இனி வண்டி ஓட்டக் கூடாது. பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கவும் கூடாது. உங்களுக்குத் தெரியுது, இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியுது" என்றேன். நல்ல வார்த்தை.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். போன வருடத்துச் சீட்டைப் பற்றி ஆவுடையிடம் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஒரு வருசமா? அந்த வண்டியில எத்தன பிள்ளைகள ஏத்திருக்கீங்க?" என்றாள். நோட்டைப் பார்த்தால் எண்ணிச் சொல்லலாம். எனக்குத் தைரியம் இல்லை.

ஜூன் 13, வியாழன்

திங்கட்கிழமை முத்திரை குத்தி வாங்கிய சர்ட்டிபிகேட்டை இன்று காலை கிழித்துவிட்டேன். இந்தத் தடவை கிழிக்க வேண்டியதைத்தான் கிழித்தேன்.

மாலை ஆறு மணிக்கு பியூலா வீட்டுக்குப் போனேன். ஆவுடை தானும் வருவதாகச் சொன்னாள். வாசல்வரை வந்து வெளியே நின்றுகொண்டாள். சின்ன வீடு. ஜெமி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது. காம்பவுண்டுக்குள் அந்தப் பழைய கார். கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று தாள் ஒட்டியிருந்தது.

பியூலா இளைத்துப் போயிருந்தாள். "வாங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"அன்னைக்கு உன் மேல தப்பில்லம்மா. காலியா இருக்கு, திரும்புன்னு நான்தான் சொன்னேன். எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியாது. தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன். வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது.

அவள் முதலில் புரியாத மாதிரி பார்த்தாள். பிறகு, "நான் உங்ககிட்ட மூணு தடவ கேட்டேன் சார்" என்றாள்.

"கேட்டே."

"என்ன சொன்னீங்க?"

நான் தலையைக் குனிந்தேன்.

"இல்ல, சொல்லுங்க. என்ன சொன்னீங்க?"

"ஓட்டுறவங்கதான் பாக்கணும்னு சொன்னேன்."

"பத்து நாளா நான் சாப்பிடல சார். கண்ண மூடுனா அந்த மனுசன் ரோட்டுல கெடக்கிறதுதான் தெரியுது. எனக்குத்தான் கிறுக்குப் புடிச்சிட்டு, சார் சொல்லாததச் சொன்னதா நெனச்சுக்கிட்டேன்னு நெனச்சேன். என் காதையே நான் நம்பல. இனி ஸ்டீரிங்கத் தொடமாட்டேன்னு எம்பிள்ள தலையில கைய வச்சு ஜெபம் பண்ணியிருக்கேன். தெரியுமா உங்களுக்கு?" குரலை உயர்த்தவில்லை அவள். உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜெமி வரைவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"அதெல்லாம் இப்பக் கேக்காதீங்க. எனக்கு வரல." கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மசூது அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. உங்கிட்டதான் மொதல்ல."

"போய்ச் சொல்லுங்க. நான் அங்க தெனம் தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருக்கேன்."

நான் வாசலில் செருப்பைத் தேடினேன். ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. பியூலா வந்து குனிந்து எடுத்து என் கால் பக்கத்தில் வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 15, சனி

மசூது வீடு. திங்கட்கிழமை பெருநாள், வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல அவர் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப என் மூஞ்சியப் பாத்தீகளே, அது?"

"பாக்கல. உங்க பக்கம் திரும்புனேன், அவ்வளவுதான்."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "எனக்குக் கோவம் இருக்கு அண்ணாச்சி. இல்லன்னு சொன்னா பொய். கண்ணு தெரியாதது உங்க தப்பில்ல. அந்தப் புள்ள தலையில கட்டுனீகளே, அதுதான் தப்பு" என்றார். பிறகு, "ஒண்ணு செய்யுங்க. பேசுனது காத்துல போயிரும். எழுதிக் குடுங்க. அந்தப் புள்ள மேல தப்பில்லன்னு உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதுகிட்டயே குடுங்க" என்றார்.

ஸ்கூல் லெட்டர் தாளில் எழுதினேன். வரி சாய்ந்து போயிருப்பதாக ஆவுடை சொன்னாள். மறுபடி எழுதச் சொல்லவில்லை. அவளே கொண்டுபோய் பியூலாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னா?"

"வாசிச்சா. மடிச்சு பைபிளுக்குள்ள வச்சுக்கிட்டா. வேற ஒண்ணும் சொல்லல."

ஜூன் 20, வியாழன்

போர்டை இறக்கியாயிற்று. மீதி இருந்த ஏழு பேரையும் கேடிசி நகரில் ஸ்கூல் நடத்தும் அமுதவல்லியிடம் சேர்த்துவிட்டேன். ஒவ்வொருவரிடமும் காரணத்தைச் சொன்னேன். ஒருவர், "அப்ப இவ்வளவு நாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வண்டியை ஞானதுரை எடுத்துக்கொண்டான்.

மருந்து காலையும் மாலையும். ஆவுடைதான் ஊற்றுகிறாள். எனக்குக் கை தவறுகிறது.

ஜூன் 28, வெள்ளி

அமுதவல்லி போன் செய்தாள். பியூலா வந்து சேர்ந்திருக்கிறாளாம். "கை நல்லா வருது அண்ணாச்சி. ஆனா ஒவ்வொரு திருப்பத்துலயும் வண்டிய நிறுத்தி எறங்கிப் பாக்கணுங்கா. எறங்கியும் பாக்கா. பின்னால எல்லாரும் ஹாரன் அடிக்காங்க."

நான் செய்த காரியம் அது. எத்தனை நாள் அப்படி இறங்கி இறங்கிப் பார்ப்பாளோ.

ஜூலை 9, செவ்வாய்

கண்ணில் எரிச்சல். எழுத்து சிறிதாக எழுத வரவில்லை.

ஜூலை 27, சனி

கண் ஆஸ்பத்திரிக்கு மறுபடி போய்விட்டு வந்தோம். பிரஷர் இறங்கியிருக்கிறது, இருப்பது இருக்கும் என்றார் டாக்டர்.

திரும்பும்போது வண்ணாரப்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நின்றோம். நல்ல காற்று. ஆவுடை என் முழங்கையைப் பிடித்திருந்தாள். திடீரென்று பிடி இறுகியது.

"பியூலா போறா" என்றாள். "அவளே ஓட்டுதா. பின்னால பிள்ள உக்காந்திருக்கு."

"எங்க?"

"இங்கன, உங்க இடது பக்கம்."

முகத்தைத் திருப்பினேன். பஸ், ஆட்டோ, கரும்புச் சாறு வண்டி. நான் தேடிப் பிடிப்பதற்குள் போய்விட்டது.

"நம்மளப் பாத்தாளா?"

"பாத்தா. நல்லாவே பாத்தா."

"நின்னாளா?"

ஆவுடை கொஞ்சம் தயங்கி, "நிக்கல" என்றாள். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

"பஸ் ஸ்டாப்புல நிறுத்தக் கூடாது" என்றேன். "எந்தப் பக்கம் போனா?"

"அந்த முக்குல இடது பக்கமாத் திரும்பிட்டா."

"எறங்கிப் பாத்தாளா?"

"இல்லங்க. இண்டிகேட்டர் போட்டா. ரெண்டு தடவ எட்டிப் பாத்தா. திரும்பிட்டா."